லூயி லூமியேர்: வர்ணம் அறிந்தவரின் வர்ணமில்லாப் படங்கள்

பழைய சலனப் படங்கள் கறுப்பும் வெள்ளையுமாய் இருப்பதைக் காணும் இக்காலத்தவருள் பலர், அவற்றை எடுத்தவர்களுக்கு வர்ணத்தின் அருமை தெரியவில்லை என்றோ, வர்ணப் படம் எடுக்கும் வித்தையே அக்காலத்தில் தோன்றவில்லை என்றோ முடிவு கட்டி விடுகிறார்கள். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் பிழையானவை. இதை நிரூபிக்க நீண்ட வாதம் வேண்டுவதில்லை. ஒரு மனிதருடைய ஜீவிய சரித்திரமே போதும். சலனப் படத்தை உலகத்தின் முன் கொணர்ந்து நிறுத்தியவரும், வர்ணப் புகைப்படத்தைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்தவரும் ஒருவரே. பிரான்ஸ் தேசத்து லூயி லூமியேர் அவர். இரண்டு வித்தைகளும் ஒரே மனிதரின் கையில், ஒரே தொழிற்சாலையின் கூரையின்கீழ் இருந்தும் ஒன்று சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை அறிந்தவர்கள், ஆதி காலத்துப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக இருந்ததன் காரணத்தை முழுவதும் அறிந்தவராவார்கள்.

லூமியேர் 1864-ம் வருஷம் அக்டோபர் மாதம் 5-ந் தேதி பெஸான்ஸோன் நகரில் பிறந்தார். அவருடைய தமையனார் ஓகுஸ்த் அவருக்கு இரண்டு வயது மூத்தவர். தகப்பனார் அந்த்வான் லூமியேர் சித்திரம் எழுதுவதிலும் புகைப்படம் எடுப்பதிலும் வல்லவர். 1870-ல் குடும்பம் லியோன் நகருக்குக் குடியேறிற்று. சகோதரர் இருவரும் அந்நகரிலுள்ள லா மார்த்தினியேர் என்னும் தொழிற்கல்விச் சாலையில் பயின்றனர். லூயி பெளதிகத்திலும் ரஸாயனத்திலும் விசேஷத் திறமை காட்டினார். இளமையில் ஓயாத தலைவலி அவரை வருத்தி வந்தது. எனினும் பதினேழு வயது நிரம்புகையில், தகப்பனாரின் தொழிலையே மாற்றி அமைத்துவிடக் கூடிய ஒரு காரியத்தைச் செய்து முடித்தார்.

அக்காலத்தில் புகைப்படம் எடுப்பவர், கண்ணாடித் தகட்டின்மீது மருந்தை அப்போதைக்கப்போது பூசி, அது உலர்வதற்குள் படத்தை எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. பின்னர் உலர்ந்த தகடுகள் வழக்கத்துக்கு வந்தன. இத்தகடுகளின் மருந்தைச் செப்பஞ் செய்து, ஒளியை வெகு விரைவில் பற்றிக்கொள்ளும்படி 1881-ல் லூயி ஆக்கினார். நீலச் சீட்டு ஒட்டி விற்கப்பட்ட இத்தகடுகளுக்குப் பெருங் கிராக்கி உண்டாயிற்று. லியோன் நகருக்கு அடுத்த மோன்ப்ளெஸீரில் தொழிற்சாலை எழும்பிற்று. ஆரம்பத்தில் நஷ்டத்தால் தத்தளித்த அத்தொழில், சகோதரர் இருவரின் உழைப்பாலும் அவர்கள் அமைத்த யந்திரங்களாலும் நிமிர்ந்து, 1894-ல் சுமார் 300 தொழிலாளருடன் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடித் தகடுகள் செய்யும் நிலையை அடைந்தது. ஆகவே, சலனப் படத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கு முன்னரே, ஒளியும் மருந்தும் கூடி வேலை செய்யும் விதத்தை லூமியேர் தம் உள்ளங்கை போல் அறிந்திருந்தார்.

இங்கே அம்மருந்தின் இயல்பைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும். புகைப்படத்தின் அடிப்படை வெள்ளி உப்பு. ஒளி பட்ட இடத்தில் இவ்வுப்பு மாறுதல் அடைந்து, பின்னர் மருந்தில் தோய்க்கும்போது வெள்ளித் துகளாகிக் கறுத்து நிற்கிறது. ஒளி படாத இடத்தில் கறுப்பதில்லை. எவ்வளவு ஒளி பட்டது என்பதே இதற்குத் தெரியும். எந்த வர்ண ஒளி என்பது தெரியாது. அதற்கு மேலும் ஒரு குறை உண்டு. வெள்ளி உப்பு இயற்கையாக நீலத்தையும் ஊதாவையுமே உணரும். பச்சையை அது நன்கு அறியாது. சிவப்பு அதற்கு இருட்டுக்குச் சமானம். நீல வானம் வெளுத்துப் போவதும், சிவந்த உதடு கரி பூசியது போல் காண்பதும் இதனாலேயே. சில சாயங்களை மருந்தோடு சேர்த்தால் மற்ற வர்ணங்களையும் அது உணரும் என்று ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் என்னும் அறிஞர் 1873-ல் கண்டு பிடித்தார். இதனால் தகடு பச்சையையும் மஞ்சளையும் உணரலாயிற்று. ஆனால் சிவப்பு உட்பட எல்லா வர்ணங்களையும் செவ்வையாக உணரும் பிலிம் சினிமா உலகில் பொதுவாக வழங்கத் தொடங்கியது 1920-களிலேதான். கருவிலேயே குருடாக இருந்த மருந்திடம் வர்ணத்தை எப்படி எதிர்பார்ப்பது?

1894-ல் அமெரிக்க அறிஞர் எடிசனின் கினெடாஸ்கோப் என்னும் பெட்டி பாரிஸ் நகருக்கு வந்தது. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே துவாரத்தின் வழியாகக் குனிந்து பார்க்கக் கூடிய யந்திரம் அது. தகப்பனார் அதைக் கண்டு வந்து, படத்தைப் பெட்டிக்கு வெளியே கொணரும்படி புதல்வர்களைத் தூண்டினார். படச் சுருளை ஒரு கணம் நிறுத்தி, மறு கணம் நகர்த்தும் யுக்தியே முக்கியமான சிக்கலாக இருந்தது. தையல் யந்திரத்தில் துணி நகரும் முறையைக் கவனித்து லூயி அதைத் தீர்த்தார். 1895-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 13-ந் தேதி சகோதரர் இருவர் பெயராலும் சினிமாடோகிராப் என்னும் யந்திரத்துக்கு உரிமை பதிவு செய்யப்பட்டது. படம் எடுப்பது, பிரதி செய்வது, திரையில் காட்டுவது ஆகிய மூன்று காரியங்களையும் அந்தச் சிறு பெட்டி ஒன்றே செய்தது. ஒரு வினாடிக்கு 16 படங்கள் அதன் வேகம்.

அவ்வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி பாரிஸ் நகரத்துத் தொழில் அபிவிருத்திச் சங்கம் ஒன்றில் லூமியேர் புகைப்படத் தொழிலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி அங்கே முதன் முதலாகத் திரையில் அசைந்தது. அதே கூட்டத்தில், அதே மனிதர், வர்ணப் புகைப்படங்களையும் காட்டினார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அவ்வர்ணப் படங்கள் கப்ரியேல் லிப்மன் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1891-ல் கண்ட முறையைத் தழுவியவை. சோப்புக் குமிழியில் வர்ணம் தோன்றுவதைப் போல, ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் தோன்றும் வர்ணங்களைத் தகட்டில் பதிக்கும் அற்புதமான முறை அது. 1908-ல் லிப்மனுக்கு நோபெல் பரிசைத் தேடித் தந்ததும் அதுவே. ஆயினும் அம்முறையில் ஒரு படம் பதிய நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வர்ணம் கிடைத்தது, அசைவு கிடைக்கவில்லை. சினிமா திரையில் தோன்றிய முதல் நாளிலேயே, வர்ணமும் அசைவும் ஒரே அறையில் இருந்தும் வேறு வேறாகவே நின்றன.

டிசம்பர் மாதம் 28-ந் தேதி பாரிஸ் கப்பூஸின் வீதியில் கிரான் கபே என்னும் சிற்றுண்டிச் சாலையின் கீழறையில் பொதுஜனங்களுக்குக் கட்டணக் காட்சி ஆரம்பமாயிற்று. தலைக்கு ஒரு பிராங்கு கொடுத்து முதல் காட்சிக்கு வந்தவர்கள் 33 பேரே. பத்துச் சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குக் குறைவானது. சில வாரங்களுக்குள் தினந்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். அடுத்த வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி லூமியேரின் ஆட்கள் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் படக் காட்சி நடத்தினார்கள். பாரிஸில் தோன்றிய புதுமை ஏழு மாதத்துக்குள் நமது தேசத்தின் கரையை அடைந்து விட்டது. அந்த விதையினின்றும் கிளைத்த விருட்சத்தில், 1913-ல் தாதாசாஹேப் பால்கேயின் ஹரிச்சந்திரன் படம் பழுத்த கதையை நேயர்கள் அறிவார்கள்.

வர்ணம் வேண்டும் என்ற ஆசை மக்களுக்கும் இருந்தது, படம் எடுத்தவர்களுக்கும் இருந்தது. இயற்கையில் கிட்டாததைச் செயற்கையில் பெற முயன்றார்கள். துணி விசிறி ஆடும் நாட்டியப் படங்களில் ஒவ்வொரு சிறு படத்துக்கும் தூரிகையால் சாயம் தீட்டினார்கள். லூமியேர் வெளியிட்ட அத்தகைய நாட்டியப் படம் ஒன்றின் பிரதிகளும் இவ்வாறு வர்ணம் பெற்றன. கிரான் கபேயில் முதல் நாள் காட்சியைக் கண்டு வியந்த ஜார்ஜ் மேலியே என்னும் இந்திரஜாலக்காரர் தாமே படம் எடுக்கத் தொடங்கி, தம் படங்களுக்கு வர்ணம் தீட்ட எலிஸபெத் துய்யியே என்னும் மாதரசியின் வேலைச் சாலையை நாடினார். இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே உட்கார்ந்து, கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரியதான படங்களில், ஒருவர் ஒரு வர்ணம் வீதம் தீட்டி வந்தார்கள். கணக்குப் பார்த்தால் இவ்வேலையின் கடுமை விளங்கும். வினாடிக்கு 16 படமானால் நிமிஷத்துக்கு 960. பத்து நிமிஷப் படத்துக்கு 9,600. ஒரு பிரதிக்கு இவ்வளவு. பிரதி தோறும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தீட்ட வேண்டும். படங்கள் நீண்டு மணிக் கணக்கில் ஓடத் தொடங்கியபோது இவ்வழி அடைபட்டுப் போயிற்று.

அதன் பின்னர் படச் சுருளையே முழுவதுமாகச் சாயத்தில் தோய்க்கும் வழக்கம் பரவிற்று. இரவுக் காட்சிக்கு நீலம், தீப்பிடிக்கும் காட்சிக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள் என்று சங்கேதம் ஏற்பட்டது. 1920-களின் துவக்கத்தில் பெரும்பாலான படங்கள் இவ்வாறு சாயம் ஏற்றப்பட்டே வெளிவந்தன. அப்படியானால் நாம் இன்று காணும் மௌனப் படங்கள் ஏன் வெறும் கறுப்பு வெள்ளையாய் இருக்கின்றன? எளிதில் தீப்பற்றி அழியும் பழைய சுருள்களைப் பிற்காலத்தார் வேறு சுருள்களுக்கு மாற்றிக் காப்பாற்றியபோது, செலவைக் குறைக்கும் பொருட்டுக் கறுப்பு வெள்ளைச் சுருளில் மாற்றியதே காரணம். சாயம் அக்காலத்தவர் இட்டது; அதைப் போக்கியவர்கள் பின்வந்தவர்கள். முன்னோரைப் பழிக்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

லூமியேரின் கவனமோ சினிமாவிலிருந்து மெல்ல விலகி வந்தது. சுமார் 1,400 சிறு படங்களை வெளியிட்ட பின்னர், 1905-க்குள் அவருடைய நிலையம் படம் எடுப்பதை நிறுத்தி விட்டது. கதையும் நடிப்பும் கலந்த நீண்ட படங்களைத் தயாரிக்கும் வியாபாரத்தில் அவருக்கு மனம் செல்லவில்லை. அவர் மனம் சென்றது வர்ணத்தின்பால். 1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி ஆடோக்ரோம் என்னும் தகட்டுக்கு உரிமை பதிவு செய்தார். 1904-ல் விஞ்ஞான சபையின் முன் வைத்தார். 1907-ல் அது கடைக்கு வந்தது.

இத்தகட்டின் மூலப் பொருள் உருளைக்கிழங்கு. கிழங்கின் மாவிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நுண்மணிகளைச் சலித்தெடுத்து, மூன்று கூறாக்கி, ஒன்றுக்குச் செம்மஞ்சளும், ஒன்றுக்குப் பச்சையும், ஒன்றுக்கு நீலஊதாவும் ஊட்டினார். மூன்றையும் கலந்து கண்ணாடியின்மீது ஒரே படலமாகத் தூவி, இடையிலுள்ள சந்துகளைக் கரிப்பொடியால் அடைத்து, யந்திரத்தால் அழுத்தினார். அதன்மேல் எல்லா வர்ணங்களையும் உணரும் வெள்ளி மருந்தை மெல்லிதாகப் பூசினார். ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 7,000 மணிகள் இருந்தன. ஒளி முதலில் இம்மணிகளின் வழியே புகுந்து, பின்னரே மருந்தைச் சேரும். சிவந்த பொருளிலிருந்து வந்த ஒளி செம்மஞ்சள் மணியைக் கடக்கும். மற்ற மணிகள் அதைத் தடுத்து விடும். படத்தைத் துலக்கிப் பின்னாலிருந்து வெளிச்சத்தைக் காட்டினால், அந்தந்த மணிகளே திறந்து நின்று, கண்ணுக்கு இயற்கை வர்ணத்தைத் தரும். வர்ணத்தை மருந்து அறியவில்லை. மருந்துக்கு முன்னால் நின்ற மணியே அதற்குப் பதிலாக அறிந்து சொல்லிற்று. யுக்தி எவ்வளவு எளிமையானது! அதை நிறைவேற்றுவதற்கோ வருஷக் கணக்கான உழைப்பு வேண்டியிருந்தது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சினிமாவும் வர்ணத் தகடும் தம் வசமிருக்க, லூமியேர் ஏன் இரண்டையும் இணைக்கவில்லை?

முதற் காரணம் காலம். மாவு மணிப் படலத்தைக் கடந்து மருந்தைச் சேரும் ஒளி மிகக் குறைவு. வந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே செல்லும். நீலத்தின் மிகுதியைக் குறைக்க லென்ஸின் முன் மஞ்சள் கண்ணாடி வேறு வைக்க வேண்டும். ஆகவே உச்சி வெயிலில்கூட ஆடோக்ரோம் தகட்டுக்கு ஒரு வினாடிக்குக் குறையாமல் ஒளி காட்ட வேண்டியிருந்தது. நிழலில் இன்னும் பல மடங்கு. சினிமாவிலோ ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் வினாடியில் பதினாறில் ஒரு பங்கு. சுருள் நகரும் நேரத்தை அதிலும் கழித்துக் கொள்ள வேண்டும். ஒரு வினாடி தேவைப்படும் இடத்தில் ஒரு வினாடியின் சிறு துணுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சூரியனே முப்பது மடங்கு பிரகாசித்தாலன்றி அந்தத் தகட்டில் ஓடுகிற குதிரை பதியாது.

இரண்டாவது காரணம் திரை. தகட்டைக் கையில் வைத்துப் பார்க்கையில் மணிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் 24 மில்லிமீட்டர் அகலமுள்ள சினிமாப் படத்தை மூன்று மீட்டர் அகலத் திரையில் காட்டினால், அது 125 மடங்கு பெருகுகிறது. மணியும் அவ்வாறே பெருகி, ஒன்றரை மில்லிமீட்டர் புள்ளியாகும். கலந்து தூவிய மணிகளில் ஒரே வர்ணத்தவை ஆங்காங்கு கூட்டமாய்ச் சேர்ந்திருக்கும். இக்கூட்டங்கள் ஒரு படத்தில் இருந்த இடத்தில் அடுத்த படத்தில் இரா. வினாடிக்குப் பதினாறு முறை இடம் மாறும் வர்ணப் புள்ளிகள், ஈசல் மொய்ப்பது போல் திரை முழுவதும் மொய்க்கும். கண் எப்படித் தாங்கும்?

மூன்றாவது காரணம் விளக்கு. படம் எடுக்கும்போது ஒளியை விழுங்கிய மணிகள், காட்டும்போதும் விழுங்கும். அதற்கு ஈடாக விளக்கின் சக்தியைப் பெருக்க வேண்டும். அந்நாளைய பிலிமோ நெருப்புப் பட்ட மாத்திரத்தில் வெடித்தெரியும் நைட்ரேட் சரக்கு. 1897-ம் வருஷம் மே மாதத்தில் பாரிஸ் நகரத்துத் தர்மச் சந்தை ஒன்றில், வேறொருவர் நடத்திய படக் காட்சியின் ஈதர் விளக்கிலிருந்து கிளம்பிய தீயால் 120-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கோரத்தை அறிந்தவர்கள் கொட்டகைக்குள் விளக்கின் உஷ்ணத்தைப் பல மடங்கு ஏற்றத் துணிவார்களா?

நான்காவது காரணம் பிரதி. ஆடோக்ரோம் ஒவ்வொன்றும் ஒற்றைப் படம். அதையே பார்க்க வேண்டும். அதிலிருந்து நல்ல பிரதிகளை ஏராளமாக எடுக்க வழியில்லை. சினிமாவோ ஒரு மூலத்திலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுத்து ஊர் ஊராக அனுப்பினால்தான் பிழைக்கும் தொழில். மூலமே பிரதியாக இருக்கும் முறை சித்திரக்காரனுக்குப் பொருந்தும், கொட்டகைக்குப் பொருந்தாது.

இந்த நான்கு காரணங்களுக்கும் கண்கூடான சாட்சி ஒன்று உண்டு. ஆல்பெர் கான் என்னும் பிரெஞ்சுத் தனவந்தர், உலக மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற பேராசையால் 1909 முதல் 1931 வரை பல தேசங்களுக்கும் ஆட்களை அனுப்பினார். அவர்கள் சுமார் 72,000 ஆடோக்ரோம் தகடுகளுடன் திரும்பினர். நமது தேசத்தின் கோயில்களும் கடைத் தெருக்களும் மனிதர்களும் அவற்றில் வர்ணத்தோடு பதிந்திருக்கின்றன. அதே ஆட்கள் சலனப் படமும் எடுத்தனர்; அது கறுப்பு வெள்ளை. அசையாமல் நின்றதற்கு வர்ணம் கிடைத்தது. அசைந்ததற்குக் கிடைக்கவில்லை.

லூமியேர் கை வைக்காத வேறு வழிகளில் பலர் முயலாமல் இல்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் டர்னர் என்ற இளைஞர், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் சுழற்றிப் படமெடுக்கும் முறைக்கு 1899-ல் உரிமை பெற்றார். படமும் எடுத்தார், ஆனால் மூன்று வர்ணங்களையும் திரையில் பிசகின்றிப் பொருத்திக் காட்ட இயலுமுன், 1903-ல் 29-வது வயதில் காலமானார். அவர் எடுத்த துணுக்குகளை 2012-ல் இங்கிலாந்தின் பொருட்காட்சிசாலையினர் நவீன யந்திரங்களால் பொருத்திக் காட்டியபோது, வர்ணம் உண்மையிலேயே அவற்றில் இருந்தது தெரிய வந்தது. மனிதருக்கு நூறு வருஷத்துக்குப் பின்பே வெற்றி கிட்டிற்று.

அவர் வேலையைத் தொடர்ந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், மூன்றில் ஒன்றைக் கைவிட்டு, சிவப்பும் பச்சையும் மட்டும் கொண்டு கினேமாகலர் என்னும் முறையை 1906-ல் பதிவு செய்தார். வேகத்தை இரட்டித்து வினாடிக்கு 32 படம் ஓட்ட வேண்டும். பிலிம் செலவும் இரட்டிப்பு. வேகமாக அசையும் பொருளின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிரிந்து நிற்கும். நீலம் சரியாக வராது. இக்குறைகளோடு இம்முறையில் எடுத்த படங்களுள் மிகப் பிரசித்தி பெற்றது எது என்பதைச் சொன்னால் நமது நேயர்களுக்கு வியப்பு உண்டாகும். 1911-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் நடத்திய தர்பார்க் காட்சியே அது. 1912-ல் லண்டன் மாநகரில் இரண்டரை மணி நேரம் ஓடிய அப்படத்தைக் காண ஜனங்கள் முண்டியடித்தனர். யானைகளும் முத்துக் குடைகளும் ராஜாக்களின் பட்டாடைகளும் வர்ணத்தில் ஜொலித்தன. இந்தியாவின் ஆடம்பரம் ஏகாதிபத்தியத்துக்கு வர்ணச் சரக்காய் விளங்கிற்று. அந்தப் பந்தலுக்கு வெளியே இருந்த தேசத்தின் வறுமையைப் பிடிக்க எவரும் வர்ணப் பிலிமைச் செலவிட முன்வரவில்லை. விலை உயர்ந்த கருவி எதை நோக்கித் திருப்பப்படுகிறது என்பது விஞ்ஞானத்தைச் சேர்ந்த விஷயமன்று; அதிகாரத்தையும் பணத்தையும் சேர்ந்த விஷயம். 1914-ல் லண்டன் நீதிமன்றம் ஸ்மித்தின் உரிமையை ரத்துச் செய்தது. நீலத்தைக் காட்டாத முறைக்கு இயற்கை வர்ணம் என்ற பெயர் பொருந்தாது என்பதே வழக்கின் சாரம்.

பேசும் படம் வந்த பிறகு ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஒலியின் பதிவும் அதே பிலிமின் ஓரத்தில் ஒளிக் கோடாக ஏறியதால், சாயத்தில் தோய்த்த பிலிம் ஒலியைக் கெடுத்தது. ஆகையால் சாயமேற்றும் பழைய வழக்கம் குறைந்து, 1930-களில்தான் சினிமா முற்றிலும் கறுப்பு வெள்ளையாக மாறிற்று. அமெரிக்காவில் டெக்னிகலர் நிறுவனம் 1932-ல் மூன்று வர்ண முறையைப் பூரணமாக்கியது. ஒரே சமயத்தில் மூன்று பிலிம்கள் ஓடும் பிரம்மாண்டமான காமிரா. அதை விலைக்கு வாங்க முடியாது, நிறுவனத்தின் ஆட்களோடு வாடகைக்கே எடுக்க வேண்டும். விளக்குகளின் உஷ்ணத்தில் நடிகர்கள் வெந்து போயினர். பெரிய முதலாளிகளே யோசித்துச் செலவிட்ட காலத்தில் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பிலிமில் மூன்று வர்ணப் படலங்களையும் அடக்கிய ஈஸ்ட்மன் நிறுவனத்தின் சினிமாச் சரக்கு 1950-ல் வெளிவந்த பின்னரே, சாதாரணக் காமிராவில் வர்ணப் படம் எடுப்பது உலகெங்கும் சாத்தியமாயிற்று. நமது தேசத்தில் 1937-லேயே கிஸான் கன்யா என்ற ஹிந்திப் படம் வர்ணத்தில் வந்தது. தமிழில் முழு நீள வர்ணப் படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-ல் வந்தது.

லூமியேரின் பிற்கால வாழ்க்கையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1919-ல் விஞ்ஞான சபை அவரை அங்கத்தினராக ஏற்றது. எழுபது வயதைக் கடந்த பின்பும் ஆராய்ச்சியை விடாமல், 1935-ல் கன பரிமாணத்தோடு தோன்றும் சலனப் படத்தைச் செய்து காட்டினார். வெனிஸ் நகரத்துப் பட விழா பாஸிஸ்டுகளின் செல்வாக்குக்கு உட்பட்டு விட்டதால், அதற்கு எதிராகக் கான் நகரில் 1939-ல் நடத்தத் திட்டமிட்ட முதல் விழாவுக்குக் கௌரவத் தலைவராக இருக்க இசைந்தார். யுத்தம் மூண்டதால் அது நடைபெறவில்லை. ஆனால் மறு வருஷம் பிரான்ஸ் வீழ்ந்தபோது, ஜெர்மானியருக்குப் பணிந்து விஷி நகரில் அமைந்த மார்ஷல் பெத்தேனின் ஆட்சிக்கு அவர் ஆதரவாக நின்று, 1941-ல் அவ்வாட்சி அமைத்த தேசீய ஆலோசனைச் சபையிலும் இடம் பெற்றார். அந்நியருக்கு அடிபணிந்த ஆட்சியை ஆதரித்தவர் எத்துணைப் பேரறிஞராயினும், சுதந்திரத்தை நேசிப்பவர்கள் அச்செயலை மெச்ச இயலாது. பிரெஞ்சு மக்களும் மறக்கவில்லை. சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி லூமியேர் சகோதரர் உருவத்தோடு 200 பிராங்கு நோட்டு வெளியிடும் யோசனை, இந்தக் கறையின் காரணமாக 1995-ல் கைவிடப்பட்டது. எய்ஃபெலின் உருவம் அதில் ஏறிற்று.

1948-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி பாந்தோல் என்னும் கடற்கரை ஊரில் தமது 83-வது வயதில் லூமியேர் காலமானார். ஈஸ்ட்மன் நிறுவனத்தின் வர்ணச் சினிமாப் பிலிம் வெளிவர இன்னும் இரண்டு வருஷமே இருந்தது.

அவருடைய புத்தி நுட்பத்துக்கு ஒரு கணக்கும், அரசியல் நடத்தைக்கு வேறொரு கணக்கும் எழுதுவதே சரித்திரத்துக்கு அழகு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் கூடாது. ஒன்றுக்காக மற்றொன்றை மறுத்தலும் கூடாது. அவர் ஒருவருடைய வாழ்க்கையே நமது கேள்விக்கு விடையாக இருக்கிறது. வர்ணம் தெரியாததால் முன்னோர் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கவில்லை. ஒளியின் அளவும், காலத்தின் குறுக்கமும், மருந்தின் குருட்டுத்தனமும், பணத்தின் முடையும் விதித்த எல்லைக்குள் எது முடியுமோ அதைச் செய்தார்கள். முடியாததை முடித்து விட்டதாகப் பறைசாற்றிக் கொள்ளாமல், வர்ணத்தை நிலைப் படத்திலும் அசைவைக் கறுப்பு வெள்ளையிலும் தனித்தனியே பூரணமாக்கி வைத்தார் லூமியேர். பின்வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தார்கள். பழைய படம் ஒன்றைக் காணும்போது, அதிலுள்ள வானம் ஏன் வெளுத்திருக்கிறது என்று இனி நமது நேயர்கள் அறிந்தே பார்ப்பார்களாக.